ஒரு சாண் நாடா

கூட்டம் வருவதற்கு முன்னால் அக்கா அந்த ஹாலின் நான்கு மூலைக்கும் போய் நின்று, மூலைக்கு ஒரு முறை கை தட்டுவாள். ஒரே ஒரு தட்டு. தட்டிவிட்டுத் தலையைக் கொஞ்சம் சாய்த்து, சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்பாள். செருப்புக் கடைக்குக் கீழே பதினாறு படி இறங்கிப் போகிற நிலவறை அது. காலி மூலையில் கைதட்டு பளிச்சென்று திரும்பும். ஆள் நிற்கிற மூலையில் அடைத்துக்கொண்டு திரும்பும். உடுப்பும் உடம்பும் சத்தத்தைக் குடித்துவிடும். மேடையைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம், மேடையை ஒட்டி வருகிற மூலை, நான்கு மாதமாக அடைத்துக்கொண்டுதான் திரும்புகிறது. அங்கே யாரும் நிற்பதில்லை. அக்கா அங்கே மட்டும் இரண்டாம் முறையும் தட்டிப் பார்க்கிறாள்.

“என்ன அக்கா, கொசு ஜாஸ்தியா?” என்பார் கிளப் முதலாளி, வாரம் தவறாமல்.

அவர் அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆனாலும் அக்காதான். மேடையில் ஏறுகிறவர்கள், கதவில் டிக்கெட் கிழிப்பவர், முன்வரிசை நரைத்த தலைகள் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளை அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவன் ஒருவன்தான் இருந்தான், இங்கே சனிக்கிழமைகளில் வாசிக்கிற பேண்டில் கிட்டார் வாசித்த அவளுடைய தம்பி. பதினான்கு வருஷம் அவன் ஹாலுக்குக் குறுக்கே “அக்கா, சத்தத்தைக் கொஞ்சம் ஏத்து” என்று கத்தியதில் அது ஊருக்கே பொதுவாகிவிட்டது. அக்காவுக்கு ஒடிசலான உடம்பு, ஆண்கள் போடுகிற கறுப்புச் சட்டை, ஐம்பத்தோரு வயது. சிரிப்பு வந்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும்.

பகலில் அவளுக்கு வேறு உத்தியோகம். காது டாக்டரின் ஆஸ்பத்திரியில் செவித்திறன் சோதிப்பவள். அலமாரி அளவு அறை ஒன்று, சுவரெல்லாம் பஞ்சு, ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே ஹெட்போன் மாட்டிக்கொண்டு நோயாளி. வெளியே பட்டன்களோடு அவள். கதவைச் சாத்தினால் அவரவர் எச்சில் விழுங்குவது அவரவருக்கே கேட்கும். அவள் சொல்லுகிற வாசகம் இருபத்து மூன்று வருஷமாக மாறவில்லை.

“வலது காதுல கேட்டா வலது கை விரல். இடது காதுல கேட்டா இடது கை விரல். எவ்ளோ சின்னதா கேட்டாலும் தூக்குங்க. கண்ணை மூடிக்குங்க. என் மூஞ்சியப் பாத்து ஊகிக்காதீங்க.”

கேட்காமலே விரல் தூக்குகிறவர்கள் உண்டு. காது போய்விட்டது என்று சொல்லிக்கொள்ள வெட்கம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மூன்று விநாடிக்கு ஒரு தரம் ஒழுங்காகத் தூக்கிக்கொண்டே இருந்தார். அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு அரை நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்போதும் விரல் வந்தது.

“ஐயா, நான் பட்டனையே தொடலை.”

“கேட்டுச்சேம்மா.”

“கேட்டிருக்காது. மெஷின் ஒண்ணும் நினைச்சுக்காது. இல்லாததை நான் இருக்குன்னு எழுதிட்டா நாளைக்கு வீட்ல கஷ்டப்படறது நீங்கதான்.”

இந்த ஒரு விஷயத்தில் அவளுக்கு இரக்கமே கிடையாது. பொய் விரல் ஒன்றைக்கூட அவள் இதுவரை தாளில் குறித்ததில்லை.

சனிக்கிழமை மாலை அந்தப் பஞ்சு அறையிலிருந்து நேராக நிலவறைக்கு வருவாள். எட்டு மணிக்கு பேண்டு தொடங்கும். அவர்களுக்குச் சொந்தப் பாட்டு என்று ஒன்றும் இல்லை; போடுகிற ஆசையும் இல்லை. நாற்பது, ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ராக், ப்ளூஸ் பாட்டுகளை ரெக்கார்டில் உள்ளபடியே வாசிப்பார்கள். முதலில் வாசித்தவர்களில் பாதிப் பேர் இன்று உயிரோடு இல்லை. செத்துப்போனவன் விரல் போன வழியில் இவன் விரல் போக வேண்டும், அவன் மூச்சு வாங்கின இடத்தில் இவன் நிற்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் முன்வரிசை முகம் சுளிக்கும். யோசித்துப் பார்த்தால் சற்றுத் திகிலான பொழுதுபோக்குதான். ஹாலில் யாரும் அப்படி யோசிப்பதில்லை, காலால் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஹாலின் பின்பக்கம், தூணை ஒட்டி அவளுடைய ஒலி மிக்ஸர். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு வரிசை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் தள்ளுகிற ஒரு குமிழ். அதன் தலையில், சத்தம் வந்தால் பச்சையாகத் துடிக்கிற ஒரு சின்ன விளக்கு. குமிழ்களுக்குக் கீழே வெள்ளை டேப் ஒட்டி அவள் எழுதி வைத்திருக்கும் பெயர்களைப் பார்த்தாலே அவள் குணம் தெரியும். பாட்டுக்காரருக்கு ‘தொண்டை’. டிரம் வாசிப்பவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார், அதனால் ‘வாத்தியார்’. இப்போதைய கிட்டார்காரர் பல் டாக்டர், அவருக்கு ‘பல்’. ஒன்பதாவது குமிழுக்குக் கீழே ‘தம்பி’ என்று இருக்கும். தம்பி செத்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த டேப்பை அவள் பிய்க்கவில்லை. அதை ஏன் பிய்க்கவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை.

அவன் வாசிக்கும்போது கடைசிப் பாட்டு எப்போதும் ஒன்றுதான், நிதானமாகப் போகிற ஒரு நீள ப்ளூஸ். நடுவில் கிட்டார் தனியாக நாலு நிமிஷம் போகும். உலகத்தில் எல்லோரும் ஒரு மாதிரி வாசிக்கிற அந்தப் பகுதியை இந்த நிலவறையில் மட்டும் வேறு மாதிரி வாசித்தார்கள். ஓரிடத்தில் தம்பி மூன்று அடி தாளத்தை விட்டுவிட்டு அடுத்த வரிக்குக் குதித்துவிடுவான். அவனுக்கே தெரியும், திருத்தப் பார்த்தான், கை கேட்கவில்லை. கடைசியில் வாத்தியார்தான் வழி கண்டுபிடித்தார். அந்த இடம் நெருங்கும்போது தம்பி அவரைப் பார்த்து ஒரு தலையாட்டல். அவர் மூன்று அடியை விழுங்கிவிட்டு அவனோடு சேர்ந்து குதிப்பார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பள்ளம்’. “பள்ளம் வருது, பெல்ட்டைப் போட்டுக்கங்க” என்பார். முன்வரிசைக்கு அந்தக் குதி பழகிப்போய், அதைக் கேட்கவென்றே வந்தவர்கள் உண்டு.

அந்தப் பள்ளத்தைத் தோண்டியது அக்கா.

அவளுக்குப் பதினைந்து, தம்பிக்குப் பன்னிரண்டு. மாமா வெளியூரிலிருந்து கொண்டுவந்த, அந்தப் பாட்டு இருந்த கேசட் ஒன்று வீட்டில் இருந்தது. தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் அவள் அதைத் தொடக்கூடாது என்று தெரிந்தே போட்டாள். நாடா உள்ளே சிக்கிக்கொண்டது. பதற்றத்தில் இழுத்தாள், கசங்கிச் சுருண்டு வந்தது. திருகாணியைக் கழற்றி, கசங்கினதைக் கத்தரிக்கோலால் வெட்டி, இரண்டு முனையையும் செலோடேப்பால் ஒட்டி, பென்சிலால் சுற்றி, இருந்த இடத்தில் வைத்துவிட்டாள். வெட்டினது அவள் கையால் சரியாக ஒரு சாண். ஜன்னல் வழியே எறிந்தாள். அது பக்கத்து வீட்டு மின்கம்பியில் மாட்டிக்கொண்டு மழைக்காலம் முழுக்கப் பளபளத்தது. தம்பி அந்த ஜன்னலில் உட்கார்ந்துதான் கிட்டார் பழகினான். நாடாவில் இருந்ததை இருந்தபடி, ஒட்டுப்போட்ட இடத்தில் குதித்து, நூறு தரம், ஆயிரம் தரம். ஒட்டு அவன் கண்ணில் பட்டுவிடும் என்ற பயத்தில் பிறகு அந்தக் கேசட்டையும் அவளே தொலைத்துவிட்டாள்.

இருபத்திரண்டு வயதில் ஒரு பெரிய பேண்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனான். அந்தப் பாட்டைத்தான் வாசிக்கச் சொன்னார்கள். மாலையில் வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: “கை நல்லாருக்காம். தாளம் எண்ணத் தெரியலையாம். எனக்கு எண்ண வராது போலக்கா.” அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வாய் வரை வந்ததை மென்று விழுங்கிவிட்டு, தேய்த்த காலரையே இன்னொரு தரம் தேய்த்தாள். அவன் ஒரு லாரி ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தான். அவன் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது, “உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா” என்று ஆரம்பித்தாள். “வீட்டுக்கு வந்து சொல்லேன், இங்க ஒரே மருந்து வாடை” என்றான். வீட்டுக்கு வரவில்லை.

அவன் போன பிறகு ஒன்றரை வருஷத்துக்கும் மேல் யாரும் அந்தப் பாட்டை எடுக்கவில்லை. நான்கு மாதத்துக்கு முன்னால் பல் டாக்டர்தான் மறுபடி எடுத்தார். கறாரான மனுஷர், அச்சு அசலாக ரெக்கார்டைப் போல, மூன்று அடியையும் கணக்காக வைத்து வாசித்தார். “பள்ளத்தை மூடியாச்சு” என்றார் வாத்தியார், பாதி சிரித்து.

அன்று அக்கா காதில் இரண்டு கிட்டார் கேட்டது.

ஒன்று பல் டாக்டருடையது. இன்னொன்று இடது மூலையிலிருந்து, பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பது போல மெல்லிசாக. முதலில் இரண்டும் ஒன்றாகத்தான் போயின. அந்த இடம் வந்தது. மெல்லிசான கிட்டார் குதித்தது. அங்கிருந்து மூன்று அடி முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. மூன்று அடி முன்னாலேயே முடித்துவிட்டு, பல் டாக்டர் வந்து சேரக் காத்திருந்தது. காத்திருந்ததும் அவளுக்குக் கேட்டது: கம்பி அதிராமல் உள்ளங்கையை வைத்து அடக்குகிற சின்ன உரசல். மிக்ஸரில் ஒன்பதாவது விளக்கு பச்சையாகத் துடித்தது.

மறுவாரம் ஒன்பதின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிக் கைப்பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுபோனாள். அதற்கடுத்த சனிக்கிழமை, ஒயரில்லாத ஒன்பது துடித்தது. “பழைய போர்டுக்கா, கரண்ட் கசியும்” என்றார் முதலாளி. அவள் அந்த விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டினாள்.

சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்கிற புத்தி அவளுக்கு. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற சிநேகிதியைப் பட்டன் பக்கம் உட்காரச் சொல்லிவிட்டு, அவள் போய்ப் பஞ்சு அறைக்குள் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்து கதவைத் திறந்தபோது சிநேகிதி தாளைக் கையிலேயே வைத்திருந்தாள்.

“இடது காது இறங்கியிருக்கு அக்கா. நல்லாவே இறங்கியிருக்கு.”

“சரி.”

“இன்னொண்ணு. நடுவுல மூணு தரம் இடது கை விரலைத் தூக்கினீங்க. நான் பட்டனையே தொடலை.”

அக்கா தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். காது போகிற இடத்தில் மூளை தானாக எதையாவது போட்டு நிரப்பும் என்று அவளே நூறு பேருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். காதுக்கு ஒரு காரணம் இருந்தது, விளக்குக்கு ஒரு காரணம் இருந்தது. கைதட்டு ஏன் அடைக்கிறது என்பதற்கு மட்டும் அவள் யாரிடமும் காரணம் கேட்கவில்லை.

பிறகு ஒரு காரியம் செய்தாள், செய்திருக்கக் கூடாது. அந்தப் பாட்டு வரும்போது, மெல்லிசான கிட்டாரை நன்றாகக் கேட்க வேண்டும் என்று பல் டாக்டரின் குமிழைக் கீழே இழுக்க ஆரம்பித்தாள். முதலில் கொஞ்சம், பிறகு அதிகம். மேடையில் பல் டாக்டர் உயிரைக் கொடுத்து வாசிக்க, ஹாலில் டிரம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த முதலாளி மூன்றாம் வாரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அடுத்த மாசத்துலேருந்து வேற ஆள் சொல்லிட்டேன் அக்கா. தப்பா எடுத்துக்காதீங்க. வர சனிக்கிழமை மட்டும் நீங்க பாத்துக்குங்க.”

மிக்ஸர் போவதில் வருத்தம் இல்லை என்று அவள் சொன்னால் அது பொய். ஆனால் அவளை உலுக்கியது அது இல்லை. வாரத்தில் நாலு நிமிஷம் தம்பி பக்கத்தில் இருக்கிறான், அல்லது இருப்பதாக அவள் காது சொல்கிறது. முப்பத்தாறு வருஷமாகச் சொல்லாத ஒன்றைச் சொல்ல இனி ஒரே ஒரு சனிக்கிழமைதான் பாக்கி.

அந்தச் சனிக்கிழமை ஆறு மணிக்கே வந்துவிட்டாள். நான்கு மூலையிலும் தட்டினாள். இடது மூலை அடைத்தது. மேடையில் ஒயர் மாட்டிக்கொண்டிருந்தவர்களிடம் போனாள்.

“கடைசிப் பாட்டை இன்னிக்குத் தம்பி வாசிச்ச மாதிரி வாசிக்கணும்.”

பல் டாக்டர் நிமிர்ந்தார். “பள்ளத்தோடவா? தப்புன்னு தெரிஞ்சே தப்பா வாசிக்கணுமாக்கா?”

“தப்பு அவனோடது இல்ல.” அவள் குரல் வேலையில் பேசுகிற குரலாகவே இருந்தது. “அவன் கேட்டுப் பழகின கேசட்டை நான் வெட்டினேன். வெட்டி ஒட்டி வச்சிட்டுச் சொல்லாம இருந்துட்டேன். ஒட்டினதைத்தான் அவன் கத்துக்கிட்டான். எண்ணத் தெரியாதவன்னு பேர் வாங்கினான். நான் பாத்துட்டே இருந்தேன்.”

அந்தத் தாழ்ந்த கூரைக்குக் கீழே அவள் சொன்னது சுவரில் பட்டுத் திரும்பியது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். அது வழக்கம்.

வாத்தியார் குச்சிகளை மடியில் வைத்தார். “நான் ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. இந்த நாலு மாசமா அந்த இடம் வந்தா என் காலு தயங்குது. பழக்கம்னு நினைச்சேன். பழக்கம் இல்ல. வலது கைப்பக்கம் யாரோ தலையாட்டுறாங்க. நேராப் பாத்தா இல்ல. முப்பது வருஷமா ஓரக்கண்ணால கண்ணாடி பாத்து வண்டி ஓட்டுறவன் நான், எனக்கு ஓரக்கண்ணு ஏமாத்தாது.”

மேடையில் அவருக்கு வலது கைப்பக்கம் என்பது அக்காவுக்கு இடது மூலை.

பல் டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பினாரோ இல்லையோ, பேனாவை எடுத்துக்கொண்டார். “எவ்ளோ வெட்டினீங்க?”

அக்கா வலது கையை விரித்துக் காட்டினாள், கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை. அந்தக் கையை விரித்தபடி அவள் நின்றபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது; அதையும் சத்தமில்லாமல் அழுது முடித்தாள்.

எட்டு மணிக்குத் தொடங்கி மற்றப் பாட்டுகள் எல்லாம் ஒழுங்காகப் போயின. அவள் குமிழ்களில் ஒரு குறை சொல்ல முடியாது. முதலாளியே இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். கடைசிப் பாட்டு வந்தது. பாட்டுக்காரர் மைக்கை விட்டு ஒதுங்கினார், கிட்டார் தனியாகக் கிளம்பியது. அக்கா ‘பல்’லை இருக்க வேண்டிய உயரத்தில் வைத்தாள். இடது பக்கம் மெல்லிசாக இன்னொன்று சேர்ந்து வந்தது.

வாத்தியார் தலையைத் திருப்பாமல், ஓரக்கண்ணை மட்டும் வலது பக்கம் வைத்துக்கொண்டு அடித்தார். அந்த இடம் நெருங்கியது. அவர் யாருக்கோ பதில் சொல்வது போலத் தலையை ஒரு தரம் ஆட்டினார். மூவரும் மூன்று அடியை விட்டுவிட்டுக் குதித்தார்கள். முன்வரிசை நரைத்த தலைகளிடமிருந்து ‘ஹா’ என்று ஒரு மூச்சு வந்தது. இரண்டு வருஷமாக அவர்கள் கேட்காத குதி.

குதித்து இறங்கிய பிறகு அவளுக்கு ஒரே கிட்டார்தான் கேட்டது.

அவள் காதிலிருந்த மிக்ஸர் ஹெட்போனைக் கழற்றினாள். ஒன்றுதான். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. போய்விட்டான் என்றால் ஒன்றுதான் கேட்கும். போகாமல், அடியோடு அடி சேர்ந்து வாசிக்கிறான் என்றாலும் ஒன்றுதான் கேட்கும். எது என்று தெரிந்துகொள்ள ஒன்பதாவது விளக்கின் மேலிருக்கிற கறுப்பு டேப்பை உரித்தால் போதும். நகம் அதன் ஓரம் வரை போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு கையை எடுத்துவிட்டாள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இடது கை விரலைத் தூக்கினாள்.